சந்தனமாரி சாய்ந்த சுவர்கள்

கிளிஞ்சல் நகர் டி பிளாக்கில் சந்தனமாரி சாய்ந்த சுவர் மட்டும் உதிராது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு, அது எப்படி நடக்கும் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை, இந்த வாரம் யார் வீட்டுச் சுவரில் அவள் சாய்வாள் என்று கேட்டவர்கள்தான் இருந்தார்கள்.

எங்கள் தூத்துக்குடி உப்புக் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது சைக்கிள் செயினைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், ஃபேன் இறக்கையைத் தின்னும், அதுவும் போதாதென்று சிமெண்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்பியை மோப்பம் பிடித்துப் போய்த் தின்னும். யாரோ ஒரு காண்ட்ராக்டர் அவசரமாகக் கட்டி, அதைவிட அவசரமாக எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த மூன்று மாடி பிளாக்கில், கூரையிலிருந்து காரை பெயர்ந்து சாம்பார்ச் சட்டியில் விழுவதும், நாங்கள் அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவதும் சாதாரணம். தூங்கும்போது மட்டும் பயமாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளைக் கதவு நிலைக்குக் கீழேதான் படுக்கவைப்போம்.

சந்தனமாரி முதல் மாடியில் தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை கிடையாது, ஆனால் எங்கள் பிளாக்கில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவள் காலில்தான் குளித்தன. குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்கால்களுக்கும் நடுவில் பச்சைப்பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால் உருவி, மூக்கு நீவி, தலையை உருட்டி, சூடு பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவாள். என் மகன்கள் இரண்டு பேரும் அவள் காலில் குளித்தவர்கள்தான், இரண்டும் சுவர் ஏறிக் குதிக்கிற ரகம். அவள் காலில் குளித்த பிள்ளைக்கு எலும்பு உரம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கைதான் பின்னால் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது.

எலும்பு உரம் கொடுக்கிறவளுக்கே எலும்பு போனதுதான் வேடிக்கை. மாடிப்படியில் ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லி, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. சந்தனமாரி நேராக உட்கார்ந்துதான் இருந்தாள், அப்படியும் நெஞ்சு எரிந்தது. அப்புறம் மாத்திரையை நிறுத்தி, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்து போட்டார்கள். ஏற்றின அன்று குளிர்காய்ச்சல் வந்து, உடம்பில் எத்தனை எலும்பு உண்டோ அத்தனையும் தனித்தனியாக வலித்தது என்றாள். காய்ச்சல் போய்விட்டது. வலி போகவில்லை.

மறுவருஷமும் ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கடைவாய்ப்பல் ஆடியது, போய்ப் பிடுங்கிவிட்டு வந்தாள். எலும்புக்குப் போட்ட ஊசியைப் பல்லுக்காரரிடம் யாராவது சொல்வார்களா? இவளும் சொல்லவில்லை. பிடுங்கிய இடம் ஆறவே இல்லை. ஈறு விலகி உள்ளே தாடை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நாக்கு அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு நடுங்கியது. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, இனி இந்த ஊசி வேண்டாம் என்று நிறுத்தினார். ஆனால் உள்ளே போன மருந்து உடனே வெளியேறாது, எலும்புக்குள்ளேயே வருஷக்கணக்காகத் தங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். சிலருக்கு இந்த மருந்து தொடை எலும்பையும் கெடுக்குமாம், தொடை வலித்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓடிவரச் சொன்னார்.

முதலில் இறுகியது தலையணை. இலவம்பஞ்சுத் தலையணை, காலையில் எழுந்து பார்த்தால் செங்கல்லாகக் கிடந்தது. அடுத்து இட்லி மாவு. அவள் கைவிட்டுக் கரைத்த மாவு புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை, சட்டியோடு ஒட்டிப் பாறையாகிவிட்டது. தலையில் வைத்த மல்லிகைப்பூ வாடவில்லை என்று சந்தோஷப்பட்டாள், சாயங்காலம் அதைக் கழற்றிப் போட்டபோது தரையில் கிளிஞ்சல் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் எலும்பு அழுந்தி நின்ற இடம் எல்லாம் இறுகியது. படியேறும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சாய்ந்து நிற்பாளே, அந்தப் படிக்கட்டுச் சுவர் பொரிந்துபோய் விரலால் தொட்டாலே உதிர்கிற சுவர், அது அவள் முதுகு அகலத்துக்கு இறுகிப்போய் ஆணி அடித்தால் ஆணி வளைந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஞானதுரை அண்ணாச்சி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிளாக் சங்கத்துக்குத் தலைவர், யாரும் தேர்ந்தெடுக்காத தலைவர். காலண்டர் மாட்ட ஆணியோடு வந்தவர் வளைந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நேரே சந்தனமாரி வீட்டுக்குப் போனார்.

"யம்மா சந்தனமாரி, எங்க வீட்டு அடுக்களைச் சுவத்துல கொஞ்சம் வந்து சாஞ்சு நில்லேன். சும்மா நின்னாப் போதும், ஒரு வேலையும் செய்யாண்டாம்" என்றார்.

"தாடை தெறிச்சுப் போவுது அண்ணாச்சி. கஞ்சியக் கூட விழுங்க முடியல."

"வலி இருக்கத்தான செய்யும். அங்க வந்து நின்னாலும் அதே வலிதான?"

நியாயம்தானே என்று எங்களுக்கும் தோன்றியது. அதற்குப் பிறகு அவள் ஓயவே இல்லை. காலையில் ஒரு வீடு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வீடு என்று சாய்ந்தாள். ஆடுகிற கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், கழன்ற நிலைக்கதவில் தோளை வைத்து நின்றாள். நாங்களும் சும்மா விடவில்லை, மசித்த சோறு, மோர், கூழாக வெந்த கிழங்கு என்று மெல்லத் தேவையில்லாததாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். மூன்றாம் மாடி ரோஸ்மேரி ஒரு நாள், "யக்கா, எம் மருமவன் ஒரு வேலையிலயும் நிலைச்சு நிக்க மாட்டேங்கான், அவன் முதுகுல ஒருக்கா சாயுங்களேன்" என்று கேட்டாள், பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும். சந்தனமாரி சிரிக்கவில்லை. கைகள் இரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, பயந்த கண்ணோடு ரோஸ்மேரிக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தாள்.

ஏனென்றால் அதற்குள் பூனை விஷயம் நடந்திருந்தது. மாடிக்கு மாடி திரிந்து எல்லார் வீட்டிலும் பால் குடிக்கிற சாம்பல் பூனை, சந்தனமாரி அசந்திருந்த ஒரு மத்தியானம் அவள் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. எழுந்து போகும்போது அதன் பின்னங்கால் ஒன்று மடங்கவில்லை. பூனைக்கு ஒரு கால் இப்படிப் போவது உலகத்தில் நடக்காததா என்று நாங்கள் சொன்னோம். ஆனால் அது குதிக்க எம்பி, முடியாமல், மதிலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சந்தனமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தால் போலீஸ்காரனைக் கண்ட திருடன் மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது, வேண்டுமென்றே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தன. பிள்ளை குளிப்பாட்டக் கூப்பிட்டால் மணிக்கட்டைக் காட்டி, முடியவில்லை என்று சொல்லிவிடுவாள்.

இந்த நேரத்தில்தான் இசக்கியம்மாளுக்குக் குழந்தை பிறந்தது. தரைத்தளத்தில் தூணை ஒட்டின வீடு. புருஷன் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவன், கூட மாமியார் புஷ்பம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல், கோயில் கோயிலாக நடந்து, எங்கள் வாய்க்கும் கொஞ்சம் அகப்பட்டு, கடைசியில் பெற்ற பெண்பிள்ளை. வயிற்றில் பிள்ளை தங்குவதற்கு வெகு முன்னாலேயே, "எம் பிள்ளைய நீங்கதான் குளிப்பாட்டணும் யக்கா" என்று சந்தனமாரியிடம் சொல்லிவைத்திருந்தாள். சந்தனமாரியும் சரி என்றிருந்தாள். அது ஊசிக்கு முந்தின வாக்கு.

தொப்புள்கொடி விழுந்ததும் புஷ்பம் ஆள் அனுப்பினாள். சந்தனமாரி வரவில்லை. புஷ்பமே மாடியேறிப் போனாள், நாங்கள் நாலைந்து பேரும் கூடப் போனோம். பழைய காலத்திலேயே அவள் காலில் குளித்த பிள்ளைகள் அவ்வளவு உரம், இப்போது சுவரையே இறுக்குகிற கால், அதில் ஒரு மாதம் குளித்தால் இந்தப் பிள்ளை இரும்பாகிவிடாதா? எங்கள் கணக்கு அதுதான். நன்றாகத்தான் இருந்தது எங்கள் கணக்கு.

"உச்சிக்குழி மூடாத பிள்ள மைனி" என்றாள் சந்தனமாரி. தாடையை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். "தொட்டுப் பாத்திருக்கியளா? மெத்துன்னு துடிக்கும். அது அப்படித்தான் இருக்கணும். அது இப்பவே இறுகிட்டுன்னா, தல வளர எடமில்லாமப் போயிரும். எங்காலுல போடாதிய. ஒங்க காலுல விழுந்து கேக்கேன்."

"ஊர்ச் சுவத்துக்கெல்லாம் சாயுவா, எம் பேத்திக்கு மட்டும் மாட்டாளாம்" என்றாள் புஷ்பம்.

"சுவத்துக்கு உசுரில்ல மைனி."

யாரும் அவளை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினோம், ஆனால் எங்களுக்கு அவள் கை வேண்டியிருந்தது, அதனால் அந்தக் கைக்குப் பயப்பட எங்களுக்கு வசதிப்படவில்லை. கீழே வீட்டில் இருந்த இசக்கி மட்டும், நாங்கள் வந்து சொன்னதைக் கேட்ட பிறகு, மடியில் கிடந்த பிள்ளையின் உச்சியில் விரல் நுனியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதை அவளே பின்னால் சொன்னாள்.

புஷ்பம் விடுகிறவள் இல்லை. சந்தனமாரி தூங்கும்போது பிள்ளையைக் கொண்டுபோய்க் காலில் போட்டுவிட்டால் ஆயிற்று என்று குழாயடியில் பேசினாள். அது காதில் விழுந்த பிறகு சந்தனமாரி தூங்குவதை விட்டாள். கதவைச் சாத்தி, உள்ளே அரிசி மூட்டையை நகர்த்திவைத்துவிட்டு, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படியில் கொலுசுச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிவாரிப் போடும்.

அந்தச் சமயத்தில் கட்டடத்தைப் பார்த்து, இருக்கலாமா காலி செய்ய வேண்டுமா என்று சொல்ல ஒரு இன்ஜினியர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அண்ணாச்சிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு இடத்தில் இறுகினால் விரிசல் அடுத்த இடத்துக்குப் போவதை அவர் கவனித்திருந்தார், எல்லா விரிசலும் நகர்ந்து நகர்ந்து தரைத்தளத்து நடுத்தூணுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தத் தூண் இறுகினால் பிளாக் தப்பும். காலி செய்யச் சொன்னால் நாங்கள் எங்கே போவது?

"தொடையில ரெண்டு மாசமா ஒரு வலி அண்ணாச்சி. தொடை வலிச்சா ஒடனே வரணும்னு டாக்டர் சொல்லிருக்காவ."

"இன்ஜினியர் வந்துட்டுப் போகட்டும். நானே ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

சந்தனமாரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூணுக்குச் சாயுதேன். எத்தன நாளு சொல்லுதியளோ அத்தன நாளும் நிக்கேன். ஆனா அந்தப் பிள்ளைய எங்கிட்ட யாரும் கொண்டாரக் கூடாது. எல்லாரு முன்னாலயும் புஷ்பம் மைனி சத்தியம் பண்ணணும்."

புஷ்பம் முணுமுணுத்துக்கொண்டே சத்தியம் செய்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சந்தனமாரி தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு காலில் பாரத்தைப் போடுவாள், முகம் கோணும், மறு காலுக்கு மாற்றுவாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தூணைத் தட்டிப் பார்த்து, "நல்லா இறுகிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனோம். வெயில் ஏறியபோது வாசலில் தண்ணீர் லாரி வந்தது. இசக்கி பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தடித்த கல்பலகையை நடுவில் பிளந்த சத்தம். பிளாக் முழுக்க, மூன்று மாடிக்கும் கேட்டது. தூண் போய்விட்டது என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்த பயம் எல்லாம் காலுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் வெளியே வந்து நின்று பார்த்தால் என் கையில் மிக்ஸி இருந்தது. புஷ்பம் பட்டுச்சேலைப் பெட்டியோடு நின்றாள்.

கட்டடம் விழவில்லை. ஓடின ஓட்டத்தில் உதிர்ந்த காரைத் தூசி அடங்கும்வரை எல்லோரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளை அழுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"பிள்ள எங்கத்த?" என்றாள் இசக்கி.

"நீ எடுத்துட்டு வந்துருப்பேன்னுல்லா நெனச்சேன்" என்றாள் புஷ்பம்.

இசக்கி குடத்தைப் போட்டுவிட்டு ஓட, அண்ணாச்சி மறித்தார். "உள்ள போவாதட்டி, எந்த நேரமும் எறங்கிரும்." அவள் அவரைத் தள்ளிவிட்ட வேகத்தில் அவர் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, மிக்ஸியைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிள்ளையின் அழுகை திடீரென்று நின்றது. தூணடியில் சந்தனமாரி இல்லை. அவள் தன்னை இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும் தூசியில் இசக்கியின் வாசல்வரைக்கும் போயிருந்தது.

தூண் உடையவில்லை. உடைந்தது அவள் தொடை. விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை, நின்ற நின்றபடி சாக்பீஸ் மாதிரி குறுக்கே முறிந்திருந்தது. முறிந்த காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய், தாழத் தொங்கின சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டையும் முதுகுக்கு அடியில் போட்டு, தன் பாரத்தாலேயே அழுத்திக்கொண்டிருந்தாள். முகத்தை மட்டும் நிமிர்த்தி, அந்தத் தாடையை வைத்துக்கொண்டு, ஊதிக்கொண்டிருந்தாள். ஊத ஊதத் தொட்டில் லேசாக அசைந்தது. பிள்ளை கண்ணை விழித்துக் காற்று வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொடல" என்றாள் சந்தனமாரி. "சத்தியமா நான் தொடல தாயி. உச்சியத் தொட்டுப் பாத்துக்கோ."

இசக்கி தொட்டிலைப் பார்த்தாள், பிள்ளையின் உச்சியில் விரல் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"யக்கா, ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

மாமூலான கேள்வி. தலைவலிக்காரனைக்கூட நாலு பேர் கேட்கிற கேள்வி. அதைக் கேட்டதும் சந்தனமாரியின் முகம் உடைந்தது. இரண்டு வருஷத்துச் சொல்லையும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் டிரிப்ஸ் இறங்கின அன்றைய குளிர், விழுங்குகிற ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் தாடைக்குள் ஓடுகிற மின்னல், நாக்கு எலும்பில் படும்போது தன் பிணத்தைத் தானே தொடுவதாக வருகிற பயம், பூனை, படிச்சத்தம், மருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது, இன்னும் எத்தனை வருஷமோ, அதற்குள் யாரைத் தொட்டுவிடுவேனோ. எங்கள் தலைக்கு மேலே காரை பொலபொலவென்று உதிர்ந்தது. இசக்கி கையை நீட்டி அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதட்டி! தொடாத!"

"நீங்க சொல்லுங்க யக்கா" என்றாள் இசக்கி. ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறவரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

அன்றைக்கே இன்ஜினியர் வந்து பார்த்து, பிளாக்கைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் வாடகை வீடு பார்த்துப் போனோம். சந்தனமாரியின் தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். தாடைக்கு வேறு டாக்டர், கொஞ்சம் ஆறியிருக்கிறது, முழுதும் ஆறவில்லை. பழைய மருந்து இன்னும் எலும்புக்குள்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இசக்கி தன் புது வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புஷ்பமும் அதைத் தடுக்கவில்லை.

ஒரு காலையில் நான் பார்க்கப் போனபோது இசக்கி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தன் காலையே நீட்டி, அதில் பிள்ளையைப் போட்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன, அன்றைக்குத் தாடையில் அழுந்தியிருந்த விரல்கள். அவற்றைப் பிள்ளையின் மேல் படாமல் தூக்கிவைத்துக்கொண்டு மற்ற விரல்களால் தேய்த்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளுக்கும் பயம்தான், உச்சிப் பக்கம் போகும்போது கையை மாற்றிக்கொண்டாள். சந்தனமாரி வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தள்ளி ஒரு ஸ்டூலில், கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை திடீரென்று கையை வீசி, அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டது.

சந்தனமாரி வீறிட்டாள். இசக்கி அசையவில்லை, இழுத்தால் பிஞ்சுக் கை முறிந்துவிடுமோ என்று அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை விரல்களை வாய்க்கு இழுத்து, சப்பிப் பார்த்து, பிடிக்காமல் முகத்தைச் சுளித்தது. பிறகு கையை விட்டது. சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மறுபடி மூடின. மறுபடி விரிந்தன.



"தண்ணி ஆறுது யக்கா" என்றாள் இசக்கி. "நீங்க ஊத்துங்க."

சந்தனமாரி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தாள். செம்பை எடுத்து மொண்டு, புறங்கையில் சூடு பார்த்து, மேலேயிருந்து மெதுவாக ஊற்றினாள்.